பின்சுவரில் ஒரு துவாரம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்தொன்று.

குரு பொற்கொடி, பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பவர். சீடர் தணிகாசலம், முப்பது வருஷம் சர்க்கார் பொறியாளராக இருந்து சிமெண்டும் கம்பியுமாகக் கட்டித் தள்ளியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, "எனக்குச் சுண்ணாம்புக் கட்டு வேலை தெரியாது மேடம், சொல்லிக் கொடுங்க" என்று வந்து நின்றார். அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரைச் சார் என்பார். யார் யாரிடம் பாடம் கேட்கிறார்கள் என்று கொத்தனார்களுக்கே ஆறு மாதம் பிடிபடவில்லை.

தணிகாசலத்துக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் காரணமில்லாமல் கோபப்படுகிறவர் அல்ல. மேலப்பனையூர் பொது வாசகசாலையை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் கட்டலாம் என்று நிர்வாகக் கமிட்டி கூடிப் பேசியபோது அவர் போட்ட சத்தத்தில் காபி கொண்டுவந்தவர் காபியோடு திரும்பிப் போய்விட்டார்.

"நூத்திப் பத்து வருஷம் நின்ன கட்டடம்யா இது! விளக்கே இல்லாம படிக்கறதுக்குக் கட்டியிருக்கான். எண்ணெய் விளக்கு வெச்சா புத்தகம் பத்திக்கும்னு, ரெண்டு அலமாரிக்கு நடுவுல ஒரு ஜன்னல், மறுபடி ரெண்டு அலமாரிக்கு நடுவுல ஒரு ஜன்னல்னு வெச்சிருக்கான். கரையான் ஏறக் கூடாதுன்னு தரையை நாலடி தூக்கியிருக்கான். உங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள கரண்டு போனா மனுஷனே வெந்துடுவான், புத்தகம் என்ன ஆகும்?"

கமிட்டியின் செயலாளர் ஜெயவீரன், அந்த வாசகசாலையைக் கட்டிய ஜமீன்தாரின் கொள்ளுப்பேரன். குரல் உயர்த்தாதவர். கொஞ்ச நேரம் யோசித்து, "சரி, கட்டினபடியே பழுது பார்த்துக் கொடுங்க. எங்க கொள்ளுத்தாத்தா பேரும் நிலைக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்க அந்தக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

வேலை தொடங்கியது. பிற்காலத்தில் யாரோ அப்பிய சிமெண்டுப் பூச்சைச் சுரண்டி எடுத்துக்கொண்டே வந்தார்கள். பின்சுவருக்கு வந்தபோது ஓர் இடத்தில் தட்டினால் சத்தம் பொள்ளலாகக் கேட்டது. உடைத்துப் பார்த்தால், செங்கல் வைத்து அடைத்த ஒரு துவாரம்.

உள்ளே தரைமட்டத்தில் ஆரம்பித்து, இரண்டடிச் சுவருக்குள் சரிவாக இறங்கி, வெளியே வருகிறது. ஒன்றரை முழ அகலம், ஒரு முழ உயரம். அடியில் வழவழப்பான கருங்கல் பலகை. வெளியே தரை தாழ்வு, அதனால் அங்கே நிற்பவருக்கு அது நெஞ்சு உயரத்தில் இருக்கும்.

தணிகாசலம் ஒரு தடவைதான் பார்த்தார்.

"ஜலதாரை" என்றார். "தரை கழுவின தண்ணி வெளியே போற வழி. என்ன அழகா சரிவு குடுத்திருக்கான் பாருங்க!"

அன்றைக்கே, தான் எழுதிவந்த கட்டட வரலாற்றில் ஒரு வரி சேர்த்தார்: 'பின்சுவரில் தண்ணீர் வெளியேறத் துவாரம் உண்டு.' செயலாளர் ஜெயவீரன் அதைப் படித்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, சிரித்தார். "ரொம்பச் சரி சார். இதை அப்படியே கல்வெட்டுல போட்டுடலாம்" என்று தாளைக் கையோடு வாங்கிக்கொண்டு போனார். அவ்வளவு அவசரம் எதற்கு என்று தணிகாசலம் யோசிக்கவில்லை. பாராட்டினால் யாருக்குத்தான் யோசனை ஓடும்?

மறுநாள் காலை பொற்கொடி வந்தார். துவாரத்துக்குள் கையை விட்டுத் தடவினார்.

"ஜலதாரையா சார்?"

"சந்தேகமே இல்ல மேடம்."

"வெளி ஓரத்துல கையை வெச்சுப் பாருங்க."

தணிகாசலம் வைத்துப் பார்த்தார். கல்பலகையின் கடைசியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு தடுப்பு. தனியாக ஒட்டியதல்ல, அதே கல்லில் செதுக்கியது.

"தண்ணி போற வழிக்குக் கடைசியில அணை கட்டுவாங்களா சார்?"

தணிகாசலம் ரசமட்டத்தை எடுத்து வந்து உள்ளே தரையில் வைத்தார். குமிழி நகர்ந்தது. தரையின் வாட்டம் முன்வாசலைப் பார்த்து இருந்தது. முப்பது வருஷப் பொறியாளர், இதை முதலில் அல்லவா பார்த்திருக்க வேண்டும்! அவருக்குக் காது சூடாகிவிட்டது.

"அப்ப இது என்ன மேடம்?"

"வெளிய போய் அந்தப் பக்கம் நில்லுங்க."

அவர் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். கூரை இல்லை, மரம் இல்லை. சித்திரை வெயில். துவாரத்துக்கு எதிரே நின்றார். குனிந்து பார்த்தால் உள்ளே பொற்கொடியின் செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன.

"நிக்கிறேன் மேடம்."

பதில் இல்லை. செருப்புச் சத்தம் விலகிப் போனது.

ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று. இருபதாவது நிமிஷத்தில் தணிகாசலத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "மேடம்!" என்று கூப்பிட்டார். இன்னொரு முறை கூப்பிட்டார். உள்ளே யாரோடோ பேசிச் சிரிக்கும் குரல் கேட்டது. அவர் வயதுக்கு, அவர் பார்த்த உத்தியோகத்துக்கு, இப்படி யாரும் அவரை நிற்க வைத்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஒருவழியாகச் செருப்புகள் திரும்பி வந்தன. "என்ன வேணும்?"

"என்ன மேடம் இது, வெயில்ல..."

"என்ன புத்தகம்னு கேட்டேன்."

"ஏதாவது குடுங்க!"

பொற்கொடி ஒரு புத்தகத்தைத் தரையில் வைத்தார். குனியவில்லை. செருப்புக் காலால் அதைத் துவாரத்துக்குள் தள்ளினார். புத்தகம் சரிவில் வழுக்கிக்கொண்டு வந்து, தணிகாசலத்தின் நெஞ்சுக்கு நேரே கல் தடுப்பில் முட்டி நின்றது.

தணிகாசலம் பதறிப்போய் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தெரியாமல் காலில் பட்டாலே தொட்டுக் கும்பிட்டு வளர்ந்தவர்.

"புத்தகத்தைப் போய்க் காலால தள்றீங்களே மேடம்!"

"குனிஞ்சா வெளிய நிக்கிறவர் முகத்தைப் பார்க்கணும் சார். கையால நீட்டினா கை பட்டாலும் படும், தீட்டாயிடும். அதுக்காகத்தான் மெனக்கெட்டுச் சரிவு வெச்சுக் கட்டியிருக்காங்க."

கையில் புத்தகத்தோடு தணிகாசலம் அப்படியே நின்றார். கருங்கல் பலகை நடுவில் மட்டும் ஏன் அப்படித் தேய்ந்து பளபளக்கிறது என்று இப்போது தெரிந்தது. ஒன்று இரண்டு புத்தகத்தில் கல் தேயாது. எத்தனை வருஷம், எத்தனை பேர் இந்த வெயிலில் நின்றிருக்க வேண்டும். பொது வாசகசாலையாம்!  இதற்குத்தானா நாலடி உயரத் தரை? இதையா அழகு அழகு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம்? தன் வாயாலேயே சரிவு அழகாக இருக்கிறது என்று சொன்னது நினைவுக்கு வந்ததும் விடுவிடுவென்று முன்வாசலுக்கு நடந்தார்.

அவர் உள்ளே வந்தபோது செயலாளர் ஜெயவீரனும் வந்து சேர்ந்திருந்தார். கையில் இரண்டு தாள்கள்.

"இது ஜலதாரை இல்ல" என்றார் தணிகாசலம், முகமன்கூடச் சொல்லாமல்.

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலம் அப்படி. அவங்களுக்கும் புத்தகம் குடுக்கணும்னு நினைச்சாரே, அதுக்கே எங்க கொள்ளுத்தாத்தாவைப் பாராட்டணும். மத்த ஊர்ல அதுவும் கிடையாது."

"காலால தள்ளினதுக்குப் பாராட்டணுமா?"

ஜெயவீரன் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. இரண்டு தாளையும் மேஜை மேல் வைத்தார். "இது நீங்க எழுதினது. தண்ணி போற வழின்னு இருக்கு. இதுல கையெழுத்துப் போட்டா கல்வெட்டு வெச்சுடுவேன், துவாரத்தை அடைச்சுடுவேன், கட்டடம் இன்னும் நூறு வருஷம் நிக்கும். இல்லையா, இந்தாங்க, இது இன்னொண்ணு. கட்டடம் உறுதியா இல்ல, இடிக்கலாம்னு சான்று. பொறுப்புப் பொறியாளர் நீங்கதான். உங்க கையெழுத்து இல்லாம நகராட்சி அனுமதி தராது. எதுல போடறீங்களோ போடுங்க."

தணிகாசலம் பேனாவைத் திறந்தார்.

"இடிங்க" என்றார். "தாராளமா இடிங்க! இப்படி ஒரு கட்டடம் ஒரு நாள்கூட நிக்கக் கூடாது. இதைக் காப்பாத்தறதுக்கா நான் தொண்டை கிழியக் கத்தினேன்? தூ!"

இரண்டாவது தாளை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். செயலாளரின் முகத்தில் கவலை ஏதும் தெரியவில்லை. கண்ணாடிக் கட்டடத்தின் வரைபடம் அவர் அலுவலக மேஜையில் இன்னும் அப்படியேதான் இருந்தது.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் பொற்கொடி. "போட்டுக்கலாம். வெளிய வாங்க. நீங்களும் வாங்க, செயலாளர் சார்."

மூவரும் பின்பக்கம் போனார்கள். கொத்தனார்கள் சாந்து குழைக்க வைத்திருந்த தொட்டியில் பொற்கொடி ஒரு குவளைத் தண்ணீர் மொண்டார். துவாரத்துக்குப் பக்கத்தில், சிமெண்டைச் சுரண்டி எடுத்த பழைய சுவரின் மேல் அதை வீசி ஊற்றினார்.

வெயிலில் காய்ந்திருந்த சுண்ணாம்புச் சுவர் ஈரம் குடித்துக் கறுத்தது. கறுத்த சுவரில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள் தெரிந்தன. பிற்காலத்தில் அடித்த வெள்ளை அந்தக் கீறல்களுக்குள் போய்த் தங்கியிருந்தது.

தணிகாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார்.

ஆணியாலோ ஓட்டுச் சில்லாலோ கீறியவை. முதல் வரியில் அ, ஆ, இ, ஈ என்று தெளிவாக, தெரிந்தவர் எழுதியது. அதற்குக் கீழே அதே எழுத்துகள் கோணல்மாணலாக, வேறு யாரோ பார்த்து எழுதியது. அதற்கும் கீழே இன்னொருவர். கை போகிற உயரம் வரைக்கும், இடமும் வலமுமாக, சுவர் முழுக்க. நிற்க வைத்த நேரத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நடுநடுவே பெயர்களும் இருந்தன. பெரியான். சடைச்சி. காத்தமுத்து. காத்தமுத்து தன் பெயரை நாலு இடத்தில் எழுதியிருந்தார். நாலாவதில்தான் 'த்' சரியாக வந்திருந்தது. ஓர் ஓரத்தில் முழுசாக ஒரு வரி:

'பூகோளம் கேட்டேன். பஞ்சாங்கம் தள்ளினான். நாளைக்கும் வருவேன்.'

தணிகாசலம் அதை வாய்விட்டுப் படித்தார். இரண்டாம் முறை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் படித்தார்.

"ஏதோ கிறுக்கல்" என்றார் ஜெயவீரன். "கையெழுத்தைப் போடுங்க சார், நேரமாகுது."

தணிகாசலத்தின் கையில் பேனா திறந்தபடியே இருந்தது. அவர் பொற்கொடியைப் பார்த்தார். கோபம் இன்னும் அடங்கவில்லை, அதோடு இப்போது தவிப்பும் சேர்ந்துகொண்டது.

"இடிச்சாத்தானே மேடம் இந்த அசிங்கம் ஒழியும்?"

"அசிங்கம் பண்ணினவங்க உள்ள இருந்தாங்க சார். அவங்க இந்தச் சுவர்ல ஒரு எழுத்தும் எழுதல" என்றார் பொற்கொடி. "இடிச்சா அழியப்போறது யாரோட எழுத்து?"

தணிகாசலம் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். உள்ளே போய் இரண்டு தாளையும் எடுத்து வந்து, இரண்டிலும் கையெழுத்து இல்லாமலே செயலாளரிடம் கொடுத்தார்.

அதற்குள் வெயில் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. எழுத்துகள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டிருந்தன. தணிகாசலம் தொட்டியில் குவளையை முக்கி எடுத்து, சுவரின் மேல் நிதானமாக ஊற்றினார். பிறகு ஜெயவீரனைத் தோளைப் பிடித்துத் துவாரத்துக்கு எதிரே, தான் நின்ற அதே இடத்தில் நிறுத்தினார்.

"படிங்க" என்றார்.