மெல்வின் மாஸ்டர் மறுபடி ஊதிய ஞாயிறு

பெரம்பூர் மெல்வின் மாஸ்டர் பத்தொன்பது வயதில் மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றில் ட்ரம்பெட் வாசிக்கத் தொடங்கினார். பிறகு ஆறு வருடம் கப்பல்களில். அதன்பின் சினிமா ஸ்டுடியோக்கள். அவர் ஊதியது ஊரெல்லாம் ஒலித்தது. பெயர் மட்டும் எந்த இசைத்தட்டிலும் வரவில்லை. யாராவது அதைக் கேட்டு வருத்தப்பட்டால், "ஞாயித்துக்கிழமை வாங்க" என்பார்.

ஞாயிறுதோறும் அவர் தன் குழுவோடு ஜாஸ் வாசிப்பார். உச்சத்தில் ஒரே சுரத்தை அவர் பிடித்து நிறுத்துவதைக் கேட்கவே கூட்டம் வரும்.

குணசீலி பதினான்கு வருடமாக அவருக்குச் சிஷ்யை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. மேடையில் அவருக்கு இடப்பக்கம் நின்று இரண்டாவது ட்ரம்பெட் வாசிப்பாள்.

அறுபத்திரண்டாம் வயதில், மழைநாளொன்றில் ஸ்கூட்டர் சறுக்கி மாஸ்டர் விழுந்தார். முன்பற்கள் மூன்று போயின. மேலுதடு கிழிந்தது. ட்ரம்பெட்காரனுக்கு உதடுதானே எல்லாம்.

உதட்டைத் தைத்தார்கள். பல் கட்டினார்கள். தினமும் காலையில் மாஸ்டர் ஊதுவார். வெறும் காற்றுதான் வரும். டியூட்டிக்குப் போகிற வழியில் சீலி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எட்டாவது மாதம் ஒரு சுரம் வந்தது. அன்றைக்கு இருவரும் இரண்டு தடவை டீ குடித்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிறு மாலை, ரயில்வே மன்றத்தில் கச்சேரி ஏற்பாடாயிற்று. நாற்காலி போதாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள்.

மேடையேறுமுன் சீலி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மாஸ்டர், உசரத்துல வர்ற சுரத்தையெல்லாம் நான் பின்னாடி நின்னு ஊதிடறேன். யாருக்கும் தெரியாது."

"நீ எப்பவும் போலப் பக்கத்துல நில்லு. அது போதும்."

முதல் இரண்டு பாட்டும் தணிந்த சுரங்களிலேயே ஒழுங்காகப் போயின. மூன்றாவது மெதுவான பாட்டு. பாதியில் உதடு கைவிட்டது. சுரம் கரகரத்து, மெலிந்து, நின்றுபோயிற்று. ட்ரம்பெட்டிலிருந்து மூச்சு மட்டும் வந்தது.

சீலி சட்டென்று தன் ட்ரம்பெட்டைத் தூக்கினாள். மாஸ்டர் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

அவர் நிறுத்தவில்லை. விரல்கள் ஒவ்வொரு சுரத்தையும் அழுத்திக்கொண்டே போயின. சத்தமில்லாமல் மூச்சு பாட்டின் வழியிலேயே நடந்தது. டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரல் நுனியால் தட்டினார். கூட்டத்தில் யாரோ எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். அந்தப் பக்கம் இன்னொருவர் இன்னொன்றை நிறுத்தினார்.

பாட்டு முடிந்த பிறகுதான் மாஸ்டர் ட்ரம்பெட்டை இறக்கினார்.

திரைக்குப் பின்னால் அவரை உட்காரவைத்து, உதட்டில் கசிந்த ரத்தத்தைச் சீலி பஞ்சால் ஒற்றினாள்.

"சத்தம்தான் நின்னுபோச்சே மாஸ்டர். அப்புறமும் ஏன் ஊதிக்கிட்டே இருந்தீங்க?"

"அவங்க கேக்கறதை நிறுத்தலையே, சீலி."