அரசருக்கு வாய்த்த சம்பந்தி

செம்பொழில் நாட்டை வல்லபராயர் என்று ஓர் அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர். எதிரிகள் அவரைக் கண்டு நடுங்கினார்கள், குடிமக்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவரிடம் வேலை பார்த்தவர்கள் மட்டும் தூங்கவில்லை.

அரசருக்கு எப்போது என்ன தோன்றும் என்று சொல்ல முடியாது. தோன்றியதும் முரசு அடிக்கும். அடித்தால் அத்தனை பேரும் ஓடி வர வேண்டும். அவையில் சாதுர்யத்துக்குப் பேர்போன சாத்தையன் தன் மகளுக்குக் காது குத்திய அன்றைக்கும் அடித்தது. பிள்ளையை மாமன் மடியில் அழவிட்டுவிட்டு ஓடினான். போய்ப் பார்த்தால், அரசர் வளர்க்கும் கிளிக்குப் பெயர் வைக்க வேண்டுமாம். மாலைவரை தீவிர ஆலோசனை நடந்தது. கடைசியில் 'கிளி' என்றே வைத்தார்கள்.

ஒருநாள் அரசர் அவைக்குள் நுழைந்தார். கட்டியக்காரர் பூதனார், "ராஜாதி ராஜ, ராஜ கம்பீர, ராஜ..." என்று ஆரம்பித்தவர் அப்படியே தூணில் சாய்ந்து குறட்டை விட்டார். பட்டங்கள் பாதியில் நிற்க, அரசரும் பாதி வழியில் நின்றார்.

"என்ன ஆயிற்று இவருக்கு?"

தலைமை அமைச்சர் அம்பலக்கூத்தர் எழுந்தார். "மன இறுக்கம், அரசே. இப்போது எல்லோருக்கும் இருக்கிறது. நாளையிலிருந்து கோழி கூவும் முன்பே அனைவரும் வந்து மூச்சுப் பயிற்சி செய்யட்டும். சரியாகிவிடும்."

"பிரமாதம்!" என்றான் சாத்தையன். "தூக்கமில்லாதவனை இன்னும் சீக்கிரமாக எழுப்பிவிட வேண்டும். எந்த வைத்தியருக்கும் இது தோன்றவில்லையே!"

பாராட்டு என்று நினைத்து அமைச்சர் தலையசைத்தார். அரசருக்கும் உற்சாகம் பிறந்தது.

"நான் இன்னொன்றும் சொல்கிறேன். இதை வேலை பார்க்கும் இடம் என்று நினைப்பதால்தான் களைப்பு வருகிறது. இனி அரண்மனையே உங்கள் வீடு. நாம் எல்லோரும் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள் யாராவது நேரம் காலம் பார்ப்பார்களா?"

அவையே கைதட்டியது. கைதட்டுவதும் வேலையில் சேர்த்திதானே!

சாத்தையன் கைகட்டிக் கேட்டான். "அரசே, ஒரே குடும்பம் என்பது உங்கள் உத்தரவுதானே? பிறகு மாற்ற மாட்டீர்களே?"

"அரச வாக்கு மாறாது."

மறுநாள் காலை அரண்மனை வாசலில் மாட்டுவண்டிகள் வரிசையாக வந்து நின்றன. முதல் வண்டியிலிருந்து சாத்தையன் இறங்கினான். பின்னாலேயே மனைவி வடிவாம்பாள், பிள்ளைகள், மாமியார் உலகம்மை, ஆட்டுக்கல், கறவை மாடு. அடுத்த வண்டியில் பூதனார் குடும்பம். அதற்கடுத்ததில் சேனாபதியின் குடும்பம். வாசல் காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"எங்க வீட்டுக்குள்ள நாங்க போறதுக்கு நீ யாருப்பா?" என்று உலகம்மை ஈட்டியை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்.

அன்று பக்கத்து நாட்டுத் தூதர் வந்திருந்தார். எல்லைத் தகராறு. அரசர் மீசையை முறுக்கி, "உங்கள் மன்னரிடம் போய்ச் சொல்லும்..." என்று குரலை உயர்த்திய நேரம், உலகம்மை கைக்குழந்தையோடு வந்தார்.

"சம்பந்தி, பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க. குளிச்சிட்டு வந்துடறேன்."

"சம்பந்தியா? யாருக்கு யார் சம்பந்தி?"

"மாப்பிள்ளை உங்க குடும்பம்னா நீங்க எனக்குச் சம்பந்திதானே? கழுத்தைத் தாங்கிப் பிடிங்க." பிறகு தூதரைப் பார்த்தார். "தம்பி எந்த ஊரு? மழை தண்ணி உண்டா? சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

குழந்தை அரசரின் பட்டாடையை நனைத்தது. தூதர் எல்லையை மறந்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டே தப்பித்து அந்தப்புரம் போனார் அரசர். அங்கே கிணற்றில் யார் முதலில் நீர் இறைப்பது என்று பூதனார் மனைவிக்கும் சேனாபதி மனைவிக்கும் சண்டை. "பெரியவர் நீங்களே நியாயம் சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். மாடத்துக்கு ஓடினார். வடகம் காய்ந்துகொண்டிருந்தது. "நிக்கிறதுதான் நிக்கிறீங்க, காக்கா வராமப் பாத்துக்குங்க" என்றாள் வடிவாம்பாள். சற்றே கண்ணயரலாம் என்று பள்ளியறைக்குப் போனால், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆட்டுக்கல் சுழன்றுகொண்டிருந்தது.

"சாத்தையா!" அரசர் அலறியதில் கிளியே பயந்துவிட்டது. "மனுஷன் வேலையை முடித்துவிட்டு நிம்மதியாக உட்கார ஓர் இடம் வேண்டாமா?"

சாத்தையன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "வேண்டும் அரசே. எங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருந்தது. இன்று காலையில்தான் காலி செய்துவிட்டு வந்தோம்."

அரசர் குனிந்து பார்த்தார். கையில் இருந்த குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தது. அதன் காதில் புதுத் தோடு. காது குத்திய அன்றைக்குத் தன் முரசு அடித்தது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று மாலையே ஆணை பிறந்தது. விளக்கேற்றும் நேரத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பகைவன் வந்தாலொழிய முரசு அடிக்காது. மூச்சு விடுவது அவரவர் இஷ்டம். வண்டிகள் திரும்பின. உலகம்மை மட்டும், "அடிக்கடி வர்றேன் சம்பந்தி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவையில் அரசர் சாத்தையனை அருகே அழைத்தார். "என் கண்ணைத் திறந்தவன் நீ. இதற்குப் பரிசாக இன்றுமுதல் உன்னை அமைச்சராக்குகிறேன்!"

சாத்தையன் தடாலென்று காலில் விழுந்தான். "அரசே, நான் செய்தது பெரிய குற்றம்தான். அதற்காக இவ்வளவு கொடிய தண்டனையா? வேண்டுமானால் நாடு கடத்திவிடுங்கள். போகிற இடத்திலாவது பெண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்."

அரசர் சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். அவையே சிரித்தது. பூதனார் விழித்திருந்ததால் அவரும் சிரித்தார்.

சிரிக்காதவர் அம்பலக்கூத்தர் ஒருவர்தான். சிரிப்பொலி அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏக்கத்தோடு கேட்டார்:

"நாடு கடத்துவதென்றால், அரசே, எந்த நாட்டுக்கு?"