அடித்தபின் மிஞ்சும் சொல்

“அடைச்சிட்டேன் டீச்சர். இனிமே ஒரு எறும்புகூட நுழையாது.”

தர்மலிங்கம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். மெஹர்பானு திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. அவளுக்கு இருபத்தொன்பது. கணினிக் காவல் வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். முதல் நாள் கேலியாக டீச்சர் என்று கூப்பிட்டார். கேலி எப்போது போனது என்று அவருக்கே தெரியாது.

“எதை அடைச்சீங்க?”

“காலையில மெயில் வந்துச்சே, யாரோ ஒரு புண்ணியவான் நம்ம ஓட்டையைக் கண்டுபிடிச்சு.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க.”

சொன்னார். ஏழு ஆஸ்பத்திரிகள். ஒவ்வொன்றிலும் ஒரு காவல் கணினி. ஏழும் தாம் பார்த்ததைக் கோப்புகளாக இங்கே தலைமைக் கணினிக்கு அனுப்பும். எங்கே வைக்க வேண்டும் என்று கோப்பின் பெயரிலேயே எழுதியிருக்கும். தலைமை அங்கே வைக்கும். கணினிக்கு இரண்டு புள்ளி என்றால் ‘வெளியே போ’ என்று அர்த்தம். பெயரில் அதைச் சேர்த்துவிட்டால், கோப்பு தன் அறையைவிட்டு வெளியே போய், காவல் விதிகள் இருக்கும் அறையில் உட்கார்ந்துகொள்ளும்.

ஏழில் ஒன்றைப் பிடித்தவன் ஏழையும் குருடாக்கலாம்.

“அந்த வாங்கி வைக்கிற பகுதி நான் எழுதினது,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “மூணு வருஷமா ஓடுது. ஏற்கெனவே எவனாவது வந்துட்டுப் போயிருந்தா?”

“வாங்கும்போது பார்க்கலையா?”

“அனுப்புறது நம்மாளுங்கதானே? கேட்ல வாட்ச்மேன் தாசையா என்னைக்காவது என்கிட்ட ஐடி கார்டு கேட்டிருக்காரா?”



“இப்ப என்ன செஞ்சிருக்கீங்க?”

“ரெண்டு புள்ளியை எங்க பார்த்தாலும் அடிச்சிடச் சொல்லிட்டேன்.”

மெஹர்பானு டீக்கடை ரசீதைப் புரட்டி, அதன் முதுகில் எழுதினாள்.

“இதுல ‘வெளியே’ இருந்தா அடிங்க.”

வெவெளியேளியே.

“என்ன டீச்சர், பேனாவுக்கு நாக்குக் குழறுது?”

சிரித்துக்கொண்டே நடுவிலிருந்த ‘வெளியே’யை அடித்தார். மிஞ்சிய எழுத்துகளைச் சேர்த்து வாய்விட்டுப் படித்தார்.

“வெ... ளியே.”

சிரிப்பு நின்றது.

“இன்னொரு தடவை அடிச்சா?”

“அடிங்க. நான் வேற மாதிரி எழுதித் தரேன்.”

ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க பையன் ஆட்டோல போறான். சொன்ன இடத்துக்குத்தான் போனானான்னு தெரியணும். வழியில அவன் பேசினதை எல்லாமா கேப்பீங்க?” என்றாள் மெஹர்பானு.

“அதை எதுக்குக் கேக்கணும்? எங்க இறங்கினான்னு பார்த்தா...”

வாக்கியத்தை முடிக்காமல் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் தட்டினார். இப்போது தலைமைக் கணினி எந்த எழுத்தையும் அடிக்கவில்லை. கோப்பு எங்கே போய் இறங்கும் என்று முதலில் கணித்தது. தன் அறைக்குள் என்றால் வாங்கியது. வெளியே என்றால் திருப்பி அனுப்பியது.

அதே கேள்வியை மூன்று வருடத்துப் பழைய பதிவுகளிடமும் கேட்டார். திரையில் எண்கள் ஓடின. மெஹர்பானு ஆரஞ்சு உரித்தாள். பாதியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் தொடவில்லை.

ஓட்டம் நின்றது.

வெளியே இறங்கியவை: ஒன்று.

“போச்சு,” என்றார்.

“திறங்க.”

“கை வரலை டீச்சர்.”

அவள் திறந்தாள். படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கணினியை அவரிடம் நகர்த்தினாள்.

கோப்புக்குள் ஒரே வரி. ‘தர்மா டெஸ்ட் ஒன்று. கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன்.’

தேதி, அவர் அந்தப் பகுதியை எழுதிய வாரம்.

“அன்னைக்கு எவ்வளவு தேடினேன் தெரியுமா!” என்றார். “கிடைக்கவே இல்லை. அப்புறம் மறந்தே போயிட்டேன்.”

“சாப்பிட்டீங்களா?”

“நல்லா சாப்பிட்டேன்.”

இருவரும் சிரித்தார்கள். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆரஞ்சை எடுத்து ஒவ்வொரு சுளையாக, கொட்டையைக்கூடத் துப்பாமல் தின்று தீர்த்தார்.

டீ குடிக்க வெளியே போனார்கள். திரும்பி வந்தபோது தாசையா எப்போதும்போல் எழுந்து கேட்டைத் திறந்தார்.

“மழை வரும்போல இருக்கே சார்.”

“வரட்டும், வரட்டும்,” என்ற தர்மலிங்கம், சட்டைக்குள் கிடந்த அடையாள அட்டையை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார்.