ஆறாம் வகுப்பின் பலகை

மண்சரிவில் பிள்ளைகள் இறந்தபின் அந்த மலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பு அறை பூட்டியே கிடந்தது. தன் படிப்பை எல்லார் தலையிலும் கொட்டும் தலைமையாசிரியர் சற்குணம், பியூன் சடையப்பனைக் கூப்பிட்டார்.

"இங்கிலீஷ்ல கிரேடுன்னு எழுதிப் பக்கத்துல நம்பர் போட்டா, முதலெழுத்து பெருசா இருக்கணும். எல்லா வகுப்பு வாசல் பலகையையும் மாத்து!"

சடையப்பன் மாற்றினார். பூட்டிய அறைப் பலகையில் மட்டும் தினமும் காலையில் அந்த எழுத்து சிறிதாகியிருந்தது.

"நாளைக்கும் இப்படி இருந்தா உன் வேலை போச்சு, தற்குறி!"

"நான் படிக்காதவன் ஐயா. நான் சொன்னா உள்ளே இருக்கிற பிள்ளைங்க கேக்கலை. நீங்களே போய் அந்த ரூலைச் சொல்லிக்கொடுங்க," என்று சடையப்பன் சாவியை நீட்டினார்.

ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் சற்குணம் சாவியைப் பூட்டில் நுழைத்தார். வாத்தியார் வந்ததும் வகுப்பே எழுந்து நிற்பதுபோல், உள்ளே பெஞ்சுகள் நகர்ந்தன.

"சின்னதாவே இருக்கட்டும்பா," என்றார் சற்குணம்.

உள்ளே எல்லாரும் உட்கார்ந்தார்கள்.