அரண்மனை அடுப்புக்கு யார் முத்திரை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அதனால் விட்டுவிடுவோம். அந்த நாட்டு அரசர் நல்லவர்தான். ஆனால் கண்ணில் ஒரு தூசி விழுந்தால் உலகத்தையே பெருக்கச் சொல்லும் சுபாவம். ஒரு நாள் அவர் பல்லக்கில் கடைத்தெரு வழியாகப் போனபோது எவளோ மூட்டிய அடுப்பின் புகை கண்ணில் பட்டு, ஒரு நாழிகை கண்ணீர் விட்டார். துடைத்த கையோடு ஆணை பிறந்தது. "இனி என் நாட்டில் எவராயினும் முத்திரை பெறாமல் புது அடுப்பு மூட்டலாகாது." அந்த 'எவராயினும்' அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

முத்திரையை இரண்டாக்கி, நெருப்பு முத்திரையை நாகமாணிக்கர் என்ற அதிகாரியிடமும், சுவை முத்திரையைப் பிரமராயர் என்ற அதிகாரியிடமும் கொடுத்தார். இரண்டு பேரும் வாழ்நாளில் அடுப்பு ஊதியவர்கள் இல்லை. தங்கள் அலுவலகமான கச்சேரியின் வாசலில் 'முன்னால் வந்தவருக்கே முதலில்' என்று ஒரு பலகையை மாட்டிவிட்டு, உள்ளே வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த அவையில் சேந்தன் என்றொரு விகடகவி இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அதிகாரிகள் இருவருக்கும் அவனைக் கண்டாலே ஆகாது, ஏனென்றால் அரசர் சிரிக்கும்போதெல்லாம் அவர்களில் ஒருவர் தலைதான் உருண்டுகொண்டிருக்கும்.

ஒரு நாள் செங்கமலம் என்ற பெண் அவனைத் தேடி வந்தாள். அவள் கணவன் எல்லைப் போரில் கால் ஊனமாகித் திரும்பிய போர்வீரன். வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆட்டைக் கொடுத்துப் பணியாரக் குழிக்கல் ஒன்றை வாங்கி, சந்தை முனையில் கடை போட இடமும் பார்த்துவிட்டாள்.

"ஐயா, நெருப்புக்காரரு சுவை முத்திரை கொண்டாங்கறாரு. சுவைக்காரரு பணியாரத்தைக் கொண்டா, தின்னு பாத்துத்தான் குத்துவேங்கறாரு. அடுப்பு இல்லாம நான் வெயில்லயா பணியாரம் சுடுவேன்? நேத்து அரைச்ச மாவு புளிச்சுப்போயி கோழிக்கு ஊத்தினேன். இப்படியே போனா எங்க வீட்டுல கோழி மட்டுந்தான் சாப்பிடும்."

சேந்தன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். நேராக அவைக்குப் போய் விஷயத்தைச் சொன்னான்.

"சட்டம் சட்டந்தான் மன்னா," என்றார் நாகமாணிக்கர். "சேந்தனார் பெரிய கெட்டிக்காரர். சட்டத்தை மீறாமல் அவளுக்கு முத்திரை வாங்கித் தரட்டுமே."

"தங்கள் முடிசூட்டு நாளுக்குள் முடியவில்லையென்றால், அவைப் பக்கமே அவர் தலைகாட்டக் கூடாது," என்று முடித்தார் பிரமராயர்.

அரசருக்கு இது நல்ல வேடிக்கையாகத் தோன்றியது. "அப்படியே ஆகட்டும். என்ன சேந்தா?" என்றார். சேந்தன் தலையை ஆட்டினான். ஆட்டிய பிறகுதான் வழி என்னவென்று தனக்கே தெரியாதது நினைவுக்கு வந்தது.

அன்று மாலை மடைப்பள்ளிப் பக்கம் நடந்தபோது, பின்கட்டில் களிமண் பிசைந்துகொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டான். "முடிசூட்டு நாள் வருதுல்ல," என்றார் தலைமைச் சமையற்காரர். சேந்தன் அங்கேயே நின்று, களிமண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு செங்கமலம் வீட்டுக்குப் போனான்.

"அம்மா, தினமும் கச்சேரி வாசலில் முதல் ஆளாகப் போய் நில். முடிசூட்டு நாளைக்கும் நில். அன்றைக்கு மட்டும் மாவோடு போ."

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. முடிசூட்டு நாளுக்கு முந்தின நாளே பழைய அடுப்புகளை எல்லாம் இடித்துவிட்டுப் புது மண் அடுப்பு போட்டு விடுவார்கள். மறுநாள் காலையில் அதை மூட்டி, அதில் இறக்கும் முதல் பொங்கலைச் சாப்பிடும்வரை அரசர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்.

அந்தக் காலையும் வந்தது. அரசர் நீராடி, நகையெல்லாம் பூட்டி, பசியோடு உட்கார்ந்திருந்தார். பொங்கல் வரவில்லை. ஆளனுப்பினார். போன ஆளும் வரவில்லை. கடைசியில் தாமே எழுந்து, அதிகாரிகள் பின்தொடர மடைப்பள்ளிக்கு நடந்தார். அங்கே புது அடுப்புக்கு முன்னால் ஆணை ஓலையைப் பிடித்தபடி சேந்தன் நின்றிருந்தான். சமையற்காரர் தீப்பந்தத்தோடு விழித்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது சேந்தா?"

"புது அடுப்பு, மன்னா. முத்திரை இல்லை. எவராயினும் என்று தாங்கள்தான் ஆணையிட்டீர்கள். அந்தச் சொல்லை இரண்டு முறை கேட்டு ரசித்ததும் தாங்கள்தான்."

அரசர் பல்லைக் கடித்தார். "நாகமாணிக்கரே, முத்திரையைக் குத்தும்."

நாகமாணிக்கர் முத்திரையை ஓங்கினார். "சுவை முத்திரை வந்துவிட்டதா ஐயா?" என்று பணிவாகக் கேட்டான் சேந்தன். ஓங்கிய கை நின்றுவிட்டது.

"பிரமராயரே, அப்படியானால் நீர் முதலில் குத்தும்."

"உத்தரவு மன்னா. சமைத்த பொங்கலைக் கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு..." என்று தொடங்கிய பிரமராயர், மூட்டாத அடுப்பைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அரசர் இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வயிறு சத்தமாகவே உறுமியது. "அப்படியென்றால் நான் எப்போதுதான் சாப்பிடுவது?"

"அதையேதான் மன்னா, தங்கள் கச்சேரி வாசலில் ஒருத்தி இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்."

அரசருக்கு வெட்கமாக இருந்தது. அரசர்களுக்கு அது அடிக்கடி வருவதில்லை, அதனால் முகம் சிவந்ததை எல்லாரும் கோபம் என்றே நினைத்தார்கள். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "இனி நெருப்பு முத்திரைக்கு வேறு முத்திரை கேட்கக் கூடாது. புகை போக வழி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சுவையை அடுப்பு எரிந்த பிறகு பாருங்கள். நாகமாணிக்கரே, இப்போதாவது குத்தும்."

"பொறுங்கள் மன்னா," என்றான் சேந்தன். "முன்னால் வந்தவருக்கே முதலில் என்று இவர்களே பலகை மாட்டியிருக்கிறார்கள். வரிசையில் அரண்மனை இரண்டாவதாக நிற்கிறது."

அரசர் அவனை உற்றுப் பார்த்தார். அவர் மீசை துடித்தது. அடுத்த கணம் மடைப்பள்ளிப் பாத்திரங்கள் அதிரும்படி சிரித்தார். சிரித்த வேகத்தில் பசி இன்னும் கூடியது. "பொங்கலுக்கு யார் காத்திருப்பது? வழக்கத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம். நடங்கள் கச்சேரிக்கு," என்றார்.

செங்கமலத்தின் ஓலையில் நாகமாணிக்கர் முத்திரை குத்தினார். சந்தை முனையில் அவள் அடுப்பு மூட்டினாள். ஈர விறகு பிடிக்க மறுத்தது. சேந்தன் அதிகாரிகள் இருவர் கையிலும் ஊதுகுழலைக் கொடுத்தான். அரசர் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர்கள் கன்னம் உப்ப ஊதினார்கள். முதல் ஈடு பணியாரம் இறங்கியது. பிரமராயர் சுவை பார்க்கக் கையை நீட்டுவதற்குள் அரசரே இரண்டை எடுத்துச் சட்னியில் தோய்த்துவிட்டார்.

"சேந்தா, என்ன வேண்டும் கேள்," என்று தம் பட்டுச் சால்வையை அவன் தோளில் போட்டார்.

"அவைக்கு வர உத்தரவு இருந்தால் போதும் மன்னா. அதற்கு மட்டும் எந்த முத்திரையும் வேண்டாம்."

அரசர் மறுபடி சிரிக்க வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பி, புகை முழுவதும் அவர் முகத்தில் அடித்தது. கண்ணீர் தாரையாக வழிந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. செங்கமலம் பணியாரம் திருப்பும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, வெளிறிப்போய்ச் சேந்தனைப் பார்த்தாள்.

அரசர் சேந்தன் தோளில் கிடந்த சால்வையின் நுனியை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சட்னியில் காரம் கொஞ்சம் தூக்கல், அம்மா," என்றார். "இன்னும் நாலு வை."