முதலில் குதித்த சிங்காரி

சிங்காரிக்கு உடம்பு விரல் நீளம்தான். ஆனால் அவள் போட்ட அதிகாரம் ஒரு சுறாவுக்குப் போதும்.

அவள் ஒரு நீல மீன். தூத்துக்குடியில் ரோஸ்லின் டீச்சர் வீட்டுக் கூடத்தில் இரண்டடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதுதான் அவளுடைய ராஜ்ஜியம். உள்ளே நான்கு பழைய பவளக்கற்கள் கிடந்தன. அவற்றில் பெரிய கல்லின் பொந்து சிங்காரிக்குச் சொந்தம். அந்தப் பக்கம் யாராவது தலைகாட்டினால் போதும், பாய்ந்து வந்து வாலைக் கடித்துவிடுவாள். கூட இருந்த இரண்டு கோமாளி மீன்களும் பாவம், மூலையிலேயே காலம் தள்ளின.

நத்தை செல்லையா மட்டும் அவளுக்குப் பயப்படவில்லை. அவள் கடிக்க வந்தால் ஓட்டுக்குள் போய்விடுவான். அவள் அலுத்துப் போன பிறகு வெளியே வந்து, கல்லில் படிந்த பாசியை விட்ட இடத்திலிருந்து மேய்வான்.

ஒருநாள் பழைய தொட்டிக்குப் பக்கத்திலேயே, விளிம்போடு விளிம்பாக, ஆறடி நீளப் புதுத் தொட்டி வந்து இறங்கியது. டீச்சரும் அவர் கணவர் பிரகாசமும் வெள்ளை மணலைக் கழுவிக் கழுவிக் கொட்டினார்கள். உப்பு கரைத்த தண்ணீரை நிரப்பினார்கள். விளக்கைப் போட்டதும் தொட்டி பளபளவென்று மின்னியது. ஒரு தூசி இல்லை. ஒரு பொட்டுப் பாசி இல்லை.

சிங்காரி கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ஏ செல்லையா! இங்க வந்து பாரு! எனக்கு அரண்மனை கட்டுதாவ!”

“உனக்குன்னு யார் சொன்னா? எல்லாருக்கும் சேர்த்துத்தான் கட்டுதாவ.”

அப்போது டீச்சர் ஒரு கைப்பிடி உரித்த இறாலைக் கொண்டுவந்து புதுத் தொட்டிக்குள் போட்டார். சிங்காரி துள்ளிக் குதித்தாள்.

“பாத்தியா! விருந்தும் வச்சாச்சு! இனி என்னைக் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி!”

நான்கு நாள் ஆயிற்று. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இறால் மட்டும் அங்கேயே கிடந்து வெளுத்துப் பஞ்சாகிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் டீச்சர் இரண்டு தொட்டிகளின் மூடியையும் திறந்தார். சிங்காரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேலே வந்து நின்றாள். டீச்சரின் கை அவளைத் தாண்டிக் கீழே போனது. நான்கு கற்களில் சின்னதை, பழுப்பேறி வழுவழுவென்று இருந்ததை, அலுங்காமல் எடுத்துப் புதுத் தொட்டியில் வைத்தது.

“மீனை எல்லாம் எப்ப விடுவே?” என்று பிரகாசம் கேட்டார்.

“அதுக்கு ஒரு மாசம் ஆவும். முதல்ல நத்தை. அப்புறம் கோமாளி. அந்த நீலச் சண்டைக்காரி கடைசியிலதான். அவளை முன்னால விட்டா தொட்டி பூரா தனக்குத்தான்னு மத்ததை வாழவிட மாட்டா.”

கோமாளி மீன்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சிங்காரிக்கு மானம் போய்விட்டது.

“கடைசியிலயா! நானா! அந்த அழுக்கு மூட்டைக் கல்லு எனக்கு முன்னாலயா!”

“அழுக்கு மூட்டைன்னு சொல்லாத. அந்தக் கல்லுக்குள்ள ஆள் இருக்கு” என்றான் செல்லையா.

“எங்க? ஒருத்தரையும் காணல!”

“கண்ணுக்குத் தெரியாது. அம்புட்டுப் பொடிசு. நீ தின்னுட்டுப் போடுத கழிவு, மிச்ச மீதி அழுகுனது, எல்லாம் தண்ணியில விஷமாகும். அந்த விஷத்தைத் திங்கிறது அவங்கதான். அங்க இறாலை அழுக விட்டிருக்கது அவங்களுக்குத் தீனி. தின்னு பெருகட்டும்னு டீச்சர் காத்திருக்காவ.”

“இறால் எனக்கில்லையாக்கும்? அழுக்கு தின்னிகளுக்கா? சும்மா கதை விடாத! தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. அதுல விஷமாம்!”

“விஷம் கண்ணுக்குத் தெரியுமா? ஒரு மாசம் பொறு, சிங்காரி.”

“ஒரு மாசத்துல நீங்க எல்லாரும் போய் நல்ல இடமாப் பாத்து உக்காந்துக்குவீங்க. நான் வாசல்ல நிக்கணுமா? நடக்காது!”

அந்த நேரம் பார்த்து உள்ளறையில் தொலைபேசி அடித்தது. டீச்சர் எடுக்கப் போனார். பிரகாசம் கை கழுவப் போனார். இரண்டு மூடிகளும் திறந்தபடி கிடந்தன.

சிங்காரி யோசிக்கவே இல்லை. கீழே போய் ஒரே வீச்சில் மேலே வந்து எம்பினாள். பொத்தென்று புதுத் தொட்டியில் விழுந்தாள்.

ஆகா, எவ்வளவு இடம்! அந்தக் கோடிக்குப் போனாள். இந்தக் கோடிக்கு வந்தாள். விரட்டுவதற்கு ஒருவரும் இல்லை என்பது மட்டும்தான் குறை. இறாலை ஒரு கடி கடித்தாள். கசந்தது. துப்பிவிட்டாள்.

கண்ணாடி வழியாகப் பழைய தொட்டியைப் பார்த்து, “யார் கடைசி? இப்ப சொல்லுங்க!” என்று கத்தினாள்.

இரண்டாம் முறை கத்த வாயைத் திறந்தபோது செவுள் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த எரிச்சல் நெருப்பு வைத்தது போல ஆயிற்று. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு உள்ளே போகவில்லை. மேலே போனாள், எரிந்தது. மணலில் படுத்தாள், அங்கேயும் எரிந்தது. பழுப்புக் கல்லிடம் ஓடினாள். அந்தக் கல்லில் இருந்தவர்கள் அன்று காலையில்தான் வந்திருந்தார்கள். அவர்கள் கொஞ்சம் பேர், விஷமோ தொட்டி நிறைய. பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்!

“செல்லையா! நான் செத்துப்போவேன்!” என்று அழுதாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த செல்லையாவுக்கு அவள் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அவன் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு தவித்தான்.

டீச்சர் பேசிவிட்டு வெளியே வந்தார். சிங்காரி ஒருக்களித்து மிதந்துகொண்டிருந்தாள்.

“அடிப்பாவி! எப்படி இதுக்குள்ள வந்தா?” என்று வலையைப் போட்டு அள்ளிப் பழைய தொட்டியில் விட்டார்.

சிங்காரி அங்கே மிச்சமிருந்த பழுப்புக் கற்களில் ஒன்றின் மேல் போய் விழுந்தாள். எழுந்திருக்கத் தெம்பில்லை. வழுவழுப்பில் கன்னத்தை வைத்தபடி அப்படியே கிடந்தாள். மெல்ல மெல்ல எரிச்சல் அடங்கியது. ஒரு மூச்சு போனது, இன்னொரு மூச்சும் போனது. கோமாளி மீன்கள் அருகில் வந்து நின்றன. அவள் விரட்டவில்லை.

“டீச்சர் என்னைக் காப்பாத்திட்டாவ” என்றாள் ஈனக்குரலில்.

“டீச்சர் தூக்கித்தான் விட்டாவ” என்றான் செல்லையா. “இங்க உனக்கு மூச்சு விடத் தண்ணி குடுத்தது நீ படுத்திருக்கியே, இந்தக் கல்லுலயும் இருக்க அதே ஆளுங்க.”

சிங்காரி அந்தக் கல்லை உற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“நான் அவங்களை என்னவெல்லாமோ பேசிட்டேன். இப்ப அவங்களுக்கு நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். எப்பவும் போல தின்னு, எப்பவும் போல கழி. நீ பேசினப்பவும் அவங்க அதைத்தான் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க.”

சிங்காரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அந்தக் கல்லிலேயே புதைத்துக்கொண்டாள்.

நம் கழிவைச் சுத்தம் செய்கிறவர்களையே அழுக்கு என்று ஏசுகிறவர்கள், அவர்கள் இல்லாத இடத்தில் தங்களால் ஒரு மணி நேரம்கூட மூச்சுவிட முடியாது என்பதை மறந்துவிடுகிறார்கள்.