வலது தோள்

ஐயாவுக்கு நாற்பத்தைந்து வயதுதான். அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். அதனால் அவர் அவர்களை அண்ணை என்றும் அக்கா என்றும் கூப்பிடுவார். அவர்கள் அவரை ஐயா என்பார்கள். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

டொராண்டோவிலிருந்து வடக்கே போனால் ஒரு சின்ன ஏரி. அதன் கரையில் பழைய பண்ணை வீடு ஒன்று. அதுதான் ஆச்சிரமம். கூடத்தில் பாய் விரித்திருக்கும். யார் வந்தாலும் தரையில்தான் உட்கார வேண்டும், ஐயா உட்பட.

கேதீஸ்வரன் உட்கார இரண்டு பாய் வேண்டும் என்று சமையல் பார்க்கும் மலரக்கா பகிடி பண்ணுவார். அப்படி ஓர் உடம்பு. மூக்கு இரண்டு முறை உடைந்து, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கும். ஒரு காலத்தில் அவர் ஐஸ் ஹொக்கி விளையாடிச் சம்பாதித்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை தடியோடு ஐஸில் ஓடப்போகிறான் என்று கேட்டதும் அவருடைய அப்பா தலையில் கையை வைத்தார். தொலைக்காட்சியில் மகனின் பெயர் வந்த பிறகுதான் எடுத்தார்.

அந்த வியாழக்கிழமை கேதீஸ்வரன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். மலரக்கா புட்டும் சம்பலும் வைத்தார். அவர் தொடவில்லை. அதுவரை அந்தத் தட்டு அப்படிக் கிடந்ததே இல்லை.

ஐயா பார்த்தார். "வாங்கோ அண்ணை, ஏரிப் பக்கம் நடப்பம்" என்றார்.

ஏரி உறைந்திருந்தது. கரையோரமாக நடந்தார்கள். வீடு கண்ணுக்கு மறைந்தது. 

"ரெமி எண்டு ஒருத்தன், ஐயா" என்று கேதீஸ்வரன் கடைசியில் ஆரம்பித்தார். "நானும் அவனும் ஒரே கழகத்திலதான் விளையாடத் துவங்கினது. வெளியூர் போனால் ரெண்டு பேருக்கும் ஒரே அறை. இப்ப அந்தக் கழகம் அவனுக்கு மரியாதையா அவன்ர சட்டையை மைதானக் கூரையில ஏத்தப்போகுது. வாற சனிக்கிழமை விழா."

"நல்ல விசயம்தானே."

"மேடையில அவனைப் பற்றி ஒருத்தர் பேசவேணும். அவன் என்னைக் கேட்டிருக்கிறான்."

"பேசுங்கோவன்."

"எந்த வாயால பேசுறது?"

ஐயா நடையைக் குறைத்தார்.

ஹொக்கிக்காரர்கள் காயத்தை வெளியே சொல்வதில்லை. இன்ன இடத்தில் வலி என்று தெரிந்தால் எதிரணிக்காரன் அந்த இடத்தில்தான் இடிப்பான். அதனால் கால் முறிந்தாலும் "கீழுடம்பில் காயம்", மண்டை கலங்கினாலும் "மேலுடம்பில் காயம்" என்று அறிக்கை விடுவார்கள். அதுகூட இல்லாமல் மறைக்கிறவர்களும் உண்டு. அணியில் இடம் போய்விடுமே என்ற பயம்தான்.

"ரெமிக்கு அப்ப வலது தோள் சரியில்லை. கையைத் தூக்கேலாது. விளையாட்டுக்கு முதல் நான்தான் அவனுக்குச் சட்டை மாட்டிவிடுவன். கைக்குழந்தைக்கு மாட்டுற மாதிரி, முதல் வலது கை, பிறகு தலை. அப்பிடியே ஒரு முழுக் குளிர்காலம்."

"பிறகு?"

"பிறகு என்னை வேற கழகத்துக்கு மாத்திப்போட்டாங்கள். அங்க நான் பெரிய ஆள் இல்லை, ஐயா. இண்டைக்கு இருப்பன், நாளைக்கு அனுப்பிப்போடுவாங்கள் எண்ட நிலைமை. அந்த வருசம் கிண்ணத்துக்கான சுற்றில அவங்களும் நாங்களும் மோத வேண்டி வந்திட்டுது. ரெமிதான் அவங்களுக்கு உயிர். அவனை மறிக்க எங்களால முடியேல்லை. ஏழு ஆட்டத் தொடரில முதல் ரெண்டும் தோத்திட்டம்."

கேதீஸ்வரன் நின்றார்.

"மூண்டாவது ஆட்டத்துக்கு முதல் கோச் என்னைத் தன்ர அறைக்குக் கூப்பிட்டான். நீதானே அவனோட ஒரே அறையில இருந்தனீ, அவனுக்கு எங்க நோகும் எண்டு கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."



கேதீஸ்வரன் தன் இடது கையைத் தூக்கி வலது தோளைத் தொட்டுக் காட்டினார். தொட்ட கையை உடனே இறக்கினார், சுட்டது போல.

"இவ்வளவுதான் செய்தனான். வாயால ஒரு சொல்லும் சொல்லேல்லை. அதை வைச்சே கன வருசம் என்னை நானே ஏமாத்தினனான்."

அன்று கேதீஸ்வரனின் அணியிலிருந்த இரண்டு பெரிய ஆட்கள் ரெமியைத் தடுப்புச் சுவரோடு சேர்த்துச் சேர்த்து இடித்தார்கள். எல்லாம் விதிக்கு உட்பட்ட இடிதான். நடுவர் ஒரு தடவைகூட விசில் ஊதவில்லை. எல்லா இடியும் வலது பக்கத்திலேயே விழுந்தது. கடைசி இடியில் ரெமி எழும்பவில்லை. அதன் பிறகு அவன் விளையாடவே இல்லை. கேதீஸ்வரனின் அணி அந்தத் தொடரை வென்றது. அவர் நிலையான இடம் பிடித்து இன்னும் ஒன்பது வருடம் விளையாடினார். அந்த ஒன்பது வருடமும் அவருக்கு எப்படி இனித்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

"தொடர் முடிய ரெண்டு அணியும் வரிசையா நிண்டு கை குடுக்கவேணும். அது வழக்கம். காயப்பட்டவன் வரத் தேவையில்லை, ஒருத்தரும் எதிர்பாக்க மாட்டினம். ரெமி வந்தான். கோட்டும் சூட்டும் போட்டு, வலது கையைக் கட்டித் தூக்கிக்கொண்டு, வழுக்கி வழுக்கி ஐஸில நடந்து வந்தான். எனக்கு இடது கையைத் தந்தான். நல்லா விளையாடினாய் கேத் எண்டான். கையை உடனே விடவும் இல்லை."

"அதுக்குப் பிறகு பேசினதில்லையோ?"

"அவன்தான் பேசுவான். ஒவ்வொரு கோடைக்கும் ஃபோன் எடுப்பான். காட்டுக்குள்ள தன்ர வீட்டுக்கு வா, மீன் பிடிப்பம், ரெண்டு நாள் நிண்டு கதைப்பம் எண்டுவான். நான் ஒவ்வொருக்கா ஒண்டு சொல்லித் தப்புவன், மகளுக்குச் சோதினை, முதுகு பிடிச்சிட்டுது, மனிசிக்குச் சுகமில்லை. எனக்குச் சாட்டுக்கோ பஞ்சம்? இந்த விழாவுக்கும் ஒண்டு யோசிச்சு வைச்சிருக்கிறன்."

"என்ன?"

"காய்ச்சல்."

ஐயா சிரிக்கவில்லை.

"எனக்கு ஒண்டுதான் தெரியவேணும், ஐயா. நான் காட்டிக்குடுத்தது அவனுக்குத் தெரியுமோ? தெரிஞ்சால் அவன்ர முகத்தில முழிக்கேலாது. தெரியாட்டில், மேடையில நிண்டு நண்பன் எண்டு பேசுறது பெரிய பொய். இத்தனை வருசமா மண்டையைப் போட்டு உடைச்சுக்கொண்டிருக்கிறன். நீங்கள் சொல்லுங்கோ. போகட்டோ, விடட்டோ?"

ஐயா வீட்டுப் பக்கம் திரும்பினார். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கி நின்றார்.

"அண்ணை, கொஞ்சம் மெல்லமா நடவுங்கோ."

"ஏன் ஐயா?"

"முழங்கால் நோகுது. கொஞ்ச நாளா இருந்து எழும்பேலாமக் கிடக்கு. ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சால் சனம் தைலப் போத்தலோட வரிசையில வந்து நிக்கும்."

"சொல்ல மாட்டன், ஐயா."

தன் கேள்வி அப்படியே அந்தரத்தில் நின்றது கேதீஸ்வரனுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் ஐயாவின் கையைப் பிடித்து மேட்டில் ஏற்றிவிட்டார். அன்று மாலை பூசையில் ஐயா தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. எழும்பும்போது ஐயா ஒரு கையைத் தரையில் ஊன்றினார். அது போதும். கேதீஸ்வரன் நேராகக் குசினிக்கு, மலரக்காவிடம் போனார்.

மறுநாள் காலை பூசைக்கு வந்தவர்கள் கூடத்தில் ஒரு கதிரையைக் கண்டார்கள். கை வைத்த கதிரை. மேலே மலரக்காவின் பூப்போட்ட மெத்தை. ஐயா அதைப் பார்த்தார். போய் அதில் உட்கார்ந்தார். பூசை முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். கேதீஸ்வரன் மட்டும் பாயில் இருந்தார்.

"கதிரை நல்ல சுகமாத்தான் இருக்கு" என்றார் ஐயா.

கேதீஸ்வரன் குனிந்துகொண்டார்.

"ஆர் போடச் சொன்னது எண்டு எனக்குத் தெரியும்."

"மலரக்கா சொல்லிப்போட்டாவோ?"

"அவ வாய் திறக்கேல்லை. நான் கேக்கவும் இல்லை."

"பிறகு எப்பிடி ஐயா?"

"முழங்கால் நோகுதெண்டு நான் ஒரே ஒரு ஆளிட்டத்தான் சொன்னனான்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. நீங்கள் கஷ்டப்படுறதைப் பாக்கேலாமத்தான் நான்..."

பேச்சு அங்கேயே நின்றது. கேதீஸ்வரன் ஐயாவின் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

"ரெமி" என்றார் கேதீஸ்வரன்.

ஐயா முன்னால் குனிந்தார்.

"அவனும் என்னட்ட மட்டும்தான் சொன்னவன். அவங்கட டொக்டருக்குத் தெரியாது. கோச்சுக்குத் தெரியாது. அவன்ர மனிசிக்கே தெரியாது, ஐயா. சட்டை மாட்ட ஒரு ஆள் வேணும் எண்டதால எனக்குச் சொன்னவன்."

பூசை அறையில் மலரக்கா விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவர்கள் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப அவனுக்கு முதல் இடியிலேயே விளங்கியிருக்கும். எல்லாம் ஒரே பக்கத்தில விழேக்க வேற ஆரை நினைச்சிருப்பான்? எனக்கு இடது கையைத் தந்தானே, அப்பவே தெரியும். நல்லா விளையாடினாய் எண்டானே, அப்பவே தெரியும். தெரியுமோ தெரியாதோ எண்டு நான்தான் இவ்வளவு காலமும் பேயன் மாதிரி..."

அந்தப் பெரிய உடம்பு பாயில் கிடந்து குலுங்கியது. எத்தனையோ பேருடைய பல்லை உடைத்த மனுசன், மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டு அழுதார். பார்க்கப் பாவமாக இருந்தது. ஐயா கதிரையை விட்டு இறங்கி அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் நோவதாக அப்போது தெரியவில்லை.

கேதீஸ்வரன் கொஞ்சம் தெளிந்தார்.

"இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு, ஒவ்வொரு வருசமும் அவன் என்னை என்னத்துக்கு ஐயா வீட்டை வரச் சொன்னவன்?"

"ஒருக்காலாவது போயிருந்தால் தெரிஞ்சிருக்கும், அண்ணை."